சிறு நகரத்தில் பொது உரைக் கூட்டம்: சிறப்புரைக்கு முன்பே அரங்கம் காலியாகாமல் இருக்க என்ன செய்வது?

கரிசல்வாசகர்:

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு சிறிய வாசகர் குழு சார்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொது உரை நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். கலை, பண்பாடு, மக்களாட்சி, சமூகப் பிரச்சினைகள் என்று ஆண்டுக்கு ஆறு உரை. கட்சிக் கூட்டம் கிடையாது, கட்டணம் கிடையாது. யாரும் வரலாம், யாரும் கேட்கலாம்.

இந்தப் பக்கம் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நோட்டீஸில் மாலை 6 மணி என்று இருக்கும். சிறப்புரையாளர் மைக்கைப் பிடிக்கும்போது 8 ஆகிவிடும், பாதி நாற்காலி காலி. கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தால், முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர் பத்து நிமிடம் பேசுவதோடு அது முடிந்துவிடும். பெண்களும் மாணவர்களும் வாய் திறப்பதே இல்லை.

பார்த்து வைத்திருக்கும் அரங்கில் 120 பேர் உட்காரலாம். டைல்ஸ் தரை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், உயரமான கூரை. பேசினால் சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது. 100 மீட்டருக்குள் ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல், மைக், போலீஸ் அனுமதி, கேள்வி நேரம் இந்த நாலையும் எப்படி அமைத்துக்கொள்வது? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பின்வரிசை:

முதலில் அழைப்பிதழில் கைவையுங்கள் அண்ணாச்சி. பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

வழக்கமான நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரவேற்புரை ஒருவர், தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வாழ்த்துரை நால்வர், பிறகு சிறப்புரை, நன்றியுரை. வாழ்த்துரைக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருப்போம். யாரும் பத்துக்குக் குறைய மாட்டார்கள், நாலு பேருக்கு 40 நிமிடம். மேடையில் ஏறும் ஒவ்வொருவரும் மற்ற எல்லார் பெயரையும் பட்டத்தோடு விளித்து முடிக்க இரண்டு நிமிடம், அதில் கால் மணி நேரம் போய்விடும். பத்துப் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் போட்டோ, இன்னொரு பத்து நிமிடம். ஆக, சிறப்புரையாளர் வாய் திறக்கும் முன்பே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. கேட்க வந்தவர் கிளம்பிப் போவது அவர் குற்றமே இல்லை.

மேடையில் இரண்டே நாற்காலி போடுங்கள்: பேசுகிறவர், ஒருங்கிணைப்பாளர். அவ்வளவுதான். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை மூன்றையும் நோட்டீஸிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் மனம் கோணுமே என்ற கவலை வரும், நியாயமான கவலைதான். அவர்களுக்கு உண்மையான வேலை கொடுங்கள். ஒருவர் வாசலில் நின்று வரவேற்கட்டும். ஒருவர் அன்றைய தலைப்பையொட்டிய ஒரு நூலை மூன்று நிமிடத்தில் அறிமுகம் செய்யட்டும். இடம் கொடுத்தவர், தேநீர்ச் செலவை ஏற்றவர் பெயரையெல்லாம் நோட்டீஸின் அடியில் "துணைநின்றோர்" என்று போட்டுவிடுங்கள். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம், பேச்சாளருக்கு மட்டும், தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

நேரம் இப்படி அமையட்டும். 5.15-க்குக் கதவு திறந்து தேநீர், சுண்டல். 5.45-க்கு, பத்துப் பேர் இருந்தாலும் தொடக்கம். அறிமுகம் நாலு நிமிடம், புத்தக அறிமுகம் மூன்று. 45 நிமிடம் உரை. ஐந்து நிமிடம் கேள்விச் சீட்டு சேகரிப்பு. அடுத்த 45 நிமிடம் முழுக்கக் கேள்வி-பதில். 7.35-க்கு முடித்துவிடலாம். உரைக்கும் கேள்விக்கும் சம நேரம் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். பொதுமக்கள் பேச நேரம் இல்லாத கூட்டத்தைப் பொதுக்கூட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

7.35 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுக் கிராமத்துக்குப் போகிற கடைசி டவுன் பஸ் நேரத்தை டிப்போவில் விசாரித்து, அதற்கு அரை மணி முன்பு முடிகிற மாதிரி வையுங்கள். சென்னையிலிருந்து வரும் பேச்சாளரும் அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம், லாட்ஜ் வாடகை மிச்சம். பெண்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் மூன்று விஷயத்தைப் பொறுத்தது: எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா, அரங்கிலிருந்து பஸ் ஸ்டாப் வரை விளக்கு எரிகிறதா. நோட்டீஸிலேயே "7.35-க்கு நிறைவு" என்று அச்சிட்டு, அதன்படி முடியுங்கள். இரண்டு கூட்டம் அப்படி நடந்தால் மூன்றாவதற்கு நம்பி வருவார்கள்.

120 பேர் அரங்கில் 50 நாற்காலி மட்டும் முன்பக்கம் போடுங்கள், மற்றதைப் பின்சுவரில் அடுக்கி வையுங்கள். கூட்டம் வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதலிலேயே 120 போட்டால் எல்லாரும் கடைசி நாலு வரிசையில்தான் உட்காருவார்கள், பேசுகிறவர் காலி நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

தலைப்பைப் பற்றி ஒன்று. "மக்களாட்சி – ஒரு பார்வை" என்று வைத்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. "கிராமசபையில் போட்ட தீர்மானம் அடுத்து எங்கே போகிறது?" என்று வையுங்கள். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வரவேண்டும் என்று விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த உரையை செப்டம்பர் கடைசி வாரம் வைத்தால், கேட்டவர்கள் அக்டோபர் 2 அன்று தங்கள் ஊரில் போய் உட்காருவார்கள். கலைக்கும் இதே முறைதான். கழுகுமலை வெட்டுவான் கோயில் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, அடித்தளம் முடியாமலே நின்றுபோனது. சனிக்கிழமை மாலை அதைப் பற்றி உரை, ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் பேச்சாளரோடு மலைமேல் போய்ப் பார்ப்பது என்று இரண்டையும் சேர்த்து அறிவியுங்கள்.

ஒலிப்பெட்டி:

அரங்கத்து எதிரொலிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ரேடியோ செட்காரர் குழாய் ஸ்பீக்கர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது திறந்தவெளிக்கு ஆனது. டைல்ஸும் கண்ணாடியும் உள்ள அறையில் அதைப் போட்டால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. காலம் (column) ஸ்பீக்கர், அதாவது தூண் மாதிரி நெட்டையாக இருக்கும் பெட்டி, நாலு கேளுங்கள். இரண்டு முன்பக்கம், இரண்டு நடு வரிசைக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்தவர் காது உயரத்துக்குச் சற்று மேலே. நாலையும் குறைந்த சத்தத்தில் வையுங்கள். ஒரே ஸ்பீக்கரை முன்னால் வைத்து முறுக்கினால் சுவர்தான் அதிகம் பேசும்.

நம் ஊர் ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் பலவற்றில் "எக்கோ" என்று ஒரு திருகு இருக்கும். பாட்டுக் கச்சேரிக்காக ஏற்றிவைத்த பழக்கத்தில் பேச்சுக்கும் அப்படியே விட்டுவிடுவார்கள். அதைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். பேச்சு தெளிவாக இல்லை என்ற புகாரில் பெரும்பங்கு இந்தத் திருகால் வருவது. பேஸையும் நன்றாகக் குறையுங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

மைக் கூவினால் உடனே வால்யூமில் கைவைப்பார்கள். முதலில் இடத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கேட்பவரைப் பார்த்து இருக்க வேண்டும். பேசுகிறவர் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நின்றால் எந்த செட்டும் கூவத்தான் செய்யும். அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். கை மைக் என்றால் நாலு விரல்கடை, அதாவது 7, 8 செ.மீ. ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "சத்தத்தைக் கூட்டுங்க" என்றால் கூட்டக் கூட்டக் கூவும். அதன் பிறகும் கூவினால் மிக்ஸரில் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். காலி அரங்கில் சோதிக்கும்போது லேசாகக் கூவினால் பதற வேண்டாம், ஆள் நிறைந்ததும் உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, கீழே ஜமக்காளம், இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். அது செய்யும் வேலையை எந்த மிக்ஸரும் செய்யாது.

படம் காட்டிப் பேசுபவர் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், அப்போது மைக் வாயை விட்டு விலகிவிடும். அவருக்குக் காலர் மைக் கொடுங்கள், புது ஏஏ பேட்டரி போட்டு, இன்னொரு ஜோடி கையில் இருக்கட்டும். காலர் மைக் எல்லாத் திசைச் சத்தத்தையும் எடுக்கும், சீக்கிரம் கூவும், அதனால் முன் ஸ்பீக்கர்கள் இன்னும் ஒரு அடி முன்னால் போகட்டும். லேப்டாப்பை மிக்ஸரில் சொருகியதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். லேப்டாப்பும் மிக்ஸரும் வேறு வேறு பிளக்கில் இருந்து எர்த் மாறுவதால் வருவது அது. இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போடுங்கள்.

பேச்சாளரின் ஸ்லைடை முதல் நாளே பிடிஎஃப் ஆக வாங்கிவிடுங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்த கோப்பு உங்கள் கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும், அதைக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை.

பதிவுக்கு: மிக்ஸரின் ரெக்கார்டிங் அவுட்டிலிருந்து நேரடியாக ஒரு ரெக்கார்டருக்கு எடுங்கள், ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். சத்தமாகச் சிரித்தாலோ கைதட்டினாலோ கிழியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். வீடியோ எடுக்கும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு பவர் பேங்கில் வையுங்கள், இடையில் போன் வந்தால் பல போனில் பதிவு நின்றுவிடும். மிக்ஸரையும் ரெக்கார்டரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். கேள்வி கேட்பவர் கட்டாயம் மைக்கில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் பதில் மட்டும் இருக்கும், எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

வழக்காடுமேடை:

அனுமதி பற்றி.

அரங்கத்துக்குள் கூட்டம் என்றாலும் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். தேதி, தொடங்கும் முடியும் நேரம், இடம், தலைப்பு, பேச்சாளர் பெயர், எத்தனை பேர் எதிர்பார்க்கிறீர்கள், பொறுப்பாளர் இருவரின் பெயரும் எண்ணும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் "பெறப்பட்டது" என்று முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்மொழியாக "நடத்துங்க, பார்த்துக்கலாம்" என்பது பிறகு எதற்கும் உதவாது.

ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி வேண்டும், அதைத் தனியாகக் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை தடை, மூடிய அரங்கத்துக்குள் பேசுவதற்கு விலக்கு உண்டு. நீங்கள் சொன்ன ஆஸ்பத்திரிதான் முக்கியம். ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. ஆகவே வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு ஸ்பீக்கர்கூட வேண்டாம், அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். ஒலிப்பெட்டி சொன்ன காலம் ஸ்பீக்கர் யோசனை இதற்கும் பொருந்தும்.

தெருமுனையிலோ மைதானத்திலோ நடத்துவதானால் கதை வேறு. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். குறைந்தபட்ச நாள் கணக்கை நம்பாமல் 15 நாள் முன்பே கொடுங்கள். மறுப்பு வந்தால் அது பெரும்பாலும் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலைதான் கைக்கு வரும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. நேரம் இருந்தால் மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்கலாம். காரணம் சரியில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம், தூத்துக்குடி மாவட்டம் அதற்குள்தான் வருகிறது. பேச்சுரிமை 19(1)(அ), ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19(1)(ஆ). அரசு அதற்கு நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம், காரணமே சொல்லாமல் மறுக்க முடியாது. ஊரில் தடையுத்தரவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 என்று சொன்னது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு.

செம்மண்சாலை:

கேள்வி நேரத்துக்கு வருகிறேன். பின்வரிசை சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். தேநீரை முன்னால் முடித்துவிடாமல், சீட்டு சேகரிக்கும் ஐந்து நிமிடத்தில் நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெளியே வைத்தால் பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள் என்பது உண்மை. உட்கார்ந்த இடத்தில் கொடுத்தால் யாரும் எழமாட்டார்கள், பக்கத்து ஆளோடு பேசத் தொடங்குவார்கள். தனியாகக் கேட்கத் தயங்குபவருக்குக் கேள்வி பிறப்பது அந்தப் பேச்சில்தான்.

நுழையும்போதே எல்லார் கையிலும் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். சாதி, குடும்ப வன்முறை, தீப்பெட்டி ஆலைக் கூலி என்று உள்ளூர் விஷயம் பேசும்போது, ஒரு பெண்ணோ ஒரு தொழிலாளியோ எழுந்து நின்று கேட்டால் மறுநாள் வேலையிடத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சீட்டு அவரைக் காப்பாற்றும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, மூன்று மூன்றாக ஒருங்கிணைப்பாளர் கையில் தரட்டும். பாதி நேரம் சீட்டு, பாதி நேரம் நேரடிக் கேள்வி.

நேரடிக் கேள்வியில் முதல் ஆள் யார் என்பது மீதி நேரத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் எழுபவர் பத்து நிமிடம் பேசினால் அடுத்தவரும் அதுதான் அளவு என்று நினைப்பார். முதல் மூன்று வாய்ப்பை மாணவர், பெண்கள், முதல்முறை வந்தவர் என்று சொல்லியே கொடுங்கள். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்கக் கூடாது. தொண்டர் ஒருவர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். ஒரு நிமிடம் ஆனதும் "ஐயா, உங்க கேள்வியை மட்டும் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேட்டு மைக்கைத் திருப்பிக்கொள்ளலாம். கையில் கொடுத்துவிட்டால் வாங்குவதற்குப் போராட வேண்டும், அதில் மனத்தாங்கல் வரும். இந்த விதியைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டால், வயதில் மூத்தவரிடம் கடைப்பிடிக்கும்போதும் யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சாளருக்கும் ஒரு பக்கக் கடிதம் முன்பே அனுப்புங்கள்: யார் யார் வருவார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த மூன்று கேள்விக்கு விடை வேண்டும், 45 நிமிடம் என்றால் 45 நிமிடம். நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில் போகும், எழுதிவைத்துப் படிப்பவர் 4,500 சொல்லுக்கு மேல் கொண்டுவந்தால் நேரம் தாண்டும் என்று அதிலேயே குறிப்பிடலாம். 35, 42 நிமிடத்தில் காட்ட இரண்டு அட்டை எழுதி முன்வரிசையில் ஒருவரிடம் கொடுங்கள்.

கரிசல்வாசகர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தலைமை, முன்னிலையை எடுப்பதுதான் ஊரில் கடினமான வேலை. "துணைநின்றோர்" யோசனையை வைத்துப் பேசிப் பார்க்கிறோம். தேநீர் நாற்காலிக்கே வரட்டும், சுண்டல் மட்டும் முன்னால்.

இன்னொரு சந்தேகம். உரையை யூடியூபில் ஏற்றவும், ஆண்டு முடிவில் ஆறு உரையையும் எழுதிச் சிறு நூலாகப் போடவும் விருப்பம். நாங்கள்தானே ஏற்பாடு செய்து, செலவும் செய்கிறோம், இதற்குப் பேச்சாளரிடம் தனியாகக் கேட்க வேண்டுமா?

வழக்காடுமேடை:

கட்டாயம் கேட்க வேண்டும், எழுத்தில். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொதுவில் ஆற்றும் உரைக்கு முதல் உரிமையாளர் உரையாற்றியவர்தான், அல்லது அவர் யார் சார்பில் பேசினாரோ அவர். ஏற்பாடு செய்தவர், இடம் கொடுத்தவர் என்பதால் உரிமை மாறாது. அதோடு, உரை நிகழ்த்துபவரையும் அந்தச் சட்டம் நிகழ்த்துநராகக் கருதுகிறது, பதிவு செய்வதற்கே அவர் சம்மதம் வேண்டும்.

ஒரு பக்கம் போதும். ஒலி, ஒளிப் பதிவுக்குச் சம்மதம். இணையத்தில் ஏற்றச் சம்மதம். நீளம் குறைக்கலாமா, குறைத்ததை அவருக்குக் காட்ட வேண்டுமா. எழுத்தாக்கி நூலில் சேர்க்கச் சம்மதம், மெய்ப்பு பார்த்துத் தரும் கெடு. நூல் விற்றால் அவருக்கு எத்தனை பிரதி. இந்த ஐந்தையும் எழுதிக் கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். முடிந்த பிறகு ரயிலுக்கு ஓடுபவரைப் பிடித்து வாங்க முடியாது. ஸ்லைடில் பிறர் எடுத்த படங்கள் இருந்தால் வீடியோவில் அவற்றைக் காட்டலாமா என்பதையும் கேளுங்கள்.

பார்வையாளர் முகம் பதிவாகும் என்பதை வாசலில் எழுதி வைத்து, கேமராவில் விழாத ஒரு பகுதியைக் காட்டிவிடுங்கள். நேரலை வேண்டாம். சமூகப் பிரச்சினை பற்றிய உரையில் பேச்சாளரோ கேட்பவரோ ஆவேசத்தில் உள்ளூர்ச் சம்பவம் ஒன்றைப் பெயரோடு சொல்லிவிடலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு. பெயர் மட்டும் இல்லை, ஊர், பள்ளி, அப்பா பெயர் என்று அடையாளம் தெரியும்படி எது சொன்னாலும் இதில் வரும். பேச்சாளருக்கு அனுப்பும் கடிதத்திலேயே இதைக் குறிப்பிடுங்கள். யாராவது சொல்லத் தொடங்கினால் ஒருங்கிணைப்பாளர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பதிவை முழுக்க ஒருமுறை இருவர் கேட்டு, அப்படி ஏதாவது இருந்தால் வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஏற்றுங்கள்.